‘தி அவுட்சைடர்ஸ்’ எழுதியவர் கேங் ஆசாமியா?

‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற அமெரிக்க நாவலை எழுதிய எஸ்.இ.ஹின்டன் ஒரு முன்னாள் கேங் ஆசாமி, கதை அப்படியே அவருடைய சொந்தக் கதை என்று பகிர்கிறார்கள். ஆசாமியே இல்லை, சூசன் எலோயிஸ் ஹின்டன் என்ற பெண். ஒக்லஹோமாவின் டல்சா நகரில் 15 வயதில் எழுதத் தொடங்கியவர். 1967இல் புத்தகம் வந்தபோது வயது 18. பெண் பெயரைப் பார்த்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று இனிஷியல் போடச் சொன்னது பதிப்பகம்தான். (அந்தக் காலம் அப்படி!)

சரி, சொந்த அனுபவமே இல்லையா? உண்டு. அவருடைய பள்ளியில் கிரீஸர், சோஷ் என்று ஏழை, பணக்காரக் கோஷ்டிகள் நிஜமாகவே இருந்தன. சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்த நண்பன் அடிவாங்கியதுதான் எழுதத் தூண்டியது. நாவலின் தொடக்கமும் அதேதான்: தியேட்டரிலிருந்து தனியாக வரும் கதாநாயகன் போனிபாய், கழுத்தில் கத்தி. ஆனால் போனிபாயும் அவன் அண்ணன்களும் கற்பனைப் பாத்திரங்கள்.

அப்புறம், இந்த நாவலை வைத்து 1983இல் வந்த படத்தில் நர்ஸாகத் தலைகாட்டுவதும் ஹின்டன்தான்.