ஆமாம், அந்த மக்கடாமியா வீடியோவைப் பற்றித்தான்

மக்கடாமியா என்ற கொட்டை மரத்தை நடச் சொல்லும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுதாகப் பார்த்துவிட்டேன். 'கிலோ 2,000 ரூபாய், ஏக்கருக்கு லட்ச லட்சமாக வருமானம்.' கீழே கமெண்டில் நான் கேட்டது ஒரே கேள்வி: "கடை விலையைச் சொல்கிறீர்கள், தோட்டத்தில் விவசாயிக்கு என்ன விலை?" அதற்குக் கிடைத்த பட்டம், 'வயிற்றெரிச்சல் பிடித்தவன்'. சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

அந்த மரத்தின் சொந்த மண் ஆஸ்திரேலியா. அங்கேயே ஓட்டோடு கிலோ 6 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பார்த்த விவசாயிக்கு 2023-இல் 2 டாலர் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கென்யாவில் காபியைப் பிடுங்கிவிட்டு இதை நட்டவர்கள் உண்டு. அந்நாட்டுப் பணத்தில் 200 ஷில்லிங் வரை போன கிலோ 30-க்கு வந்து நின்றது. ஓடு உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2009-இல் போட்ட தடையை, தேங்கிய சரக்கைத் தள்ள அந்த அரசே கொஞ்ச காலம் தளர்த்த வேண்டியதாயிற்று.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. விலை உச்சத்தில் இருந்தபோது எல்லோரும் நட்டார்கள். காய்ப்புக்கு வர நாலைந்து வருடம், முழு விளைச்சலுக்கு இன்னும் கூட. தென்னாப்பிரிக்கா, கென்யா, வியட்நாம் என்று எல்லார் மரமும் சேர்ந்து காய்த்தது. ஓட்டோடு வாங்கிக் குவித்த சீனாவே தன் யுன்னான் மாகாணத்தில் மலை மலையாக நட்டுவிட்டது. இன்று உலகிலேயே அதிகப் பரப்பு அவர்களிடம்தான். இன்றைய விலையைப் பார்த்து நட்டால், காய்க்கும்போது அந்த விலை இருக்காது. இதைத்தானய்யா சொன்னேன்!

"விலை மறுபடி ஏறிவிட்டதே" என்கிறார் ஒருவர். ஏறியிருக்கிறது. அதனால்தானே மறுபடி வீடியோ வருகிறது? "நம்ம மலைக்கு ஏற்ற மரம்" என்கிறார் இன்னொருவர். மரம் வளராது என்று நான் எங்கே சொன்னேன்? விற்பதைப் பற்றிக் கேட்டால் மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் வெனிலா வந்த காலம் நினைவிருக்கிறதா? மடகாஸ்கரில் புயல் அடித்து உலக விலை எகிறியதும் எங்கள் மாமா தென்னைக்கு நடுவில் கொடி ஏற்றினார். பூ ஒரு நாள்தான் நிற்கும். விடிந்ததும் அத்தை ஈர்க்குச்சியோடு போய் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பார். காய் திரண்டபோது, முன்பு வீடு தேடி வந்த வியாபாரிகளில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. கொடி கொடுத்தவர் மட்டும் புது வீடு கட்டினார். அத்தையின் வளையல் அடகுக்கடையில் மூழ்கியது. அப்போதும் யாரோ சந்தேகம் கேட்டிருப்பார்கள், அவர்களையும் இப்படித்தான் விரட்டியிருப்பார்கள்.

அந்த 'வயிற்றெரிச்சல்' கமெண்டுக்கு லைக் போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். மாமா கொடியை அறுத்துப் போட்ட அன்று பக்கத்தில் நின்றவன். இரண்டு ஏக்கர் மக்கடாமியா கன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டானாம். "கன்று விற்பவர் காயை என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார் என்று எழுதி வாங்கினாயாடா?" என்று கேட்டேன். "நீ எப்பவுமே இப்படித்தான்ணா" என்கிறான்.