படுக்கையில் கிடப்பவரிடம் கைப்பிரதி நீட்டாதீர்கள்

ஊழியத்துக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள், இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிக் கட்டோடு போவதை நிறுத்துங்கள்.

நான் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். முன்பின் தெரியாதவரிடம் இயேசுவைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமே கிடையாது. ரயிலில் பேசியிருக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே தருகிறது. என் வருத்தம் சட்டத்தைப் பற்றியது இல்லை.

அத்தைக்குத் துணையாக வார்டில் இருந்தபோது நடந்தது இது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நம்மவர்கள் சிலர் வந்து சுற்றி நின்றார்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. "ஆண்டவர் உங்களைத் தேடி வந்திருக்கார்" என்று சொல்லி, நெற்றியில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். நெற்றியில் திருநீறு இருந்தது. தலையணைக்கடியில் கைப்பிரதியைச் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நகர்ந்ததும் மகள் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, அம்மாவுக்கு மறுபடி பூசிவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரயிலில் நம் பேச்சு பிடிக்காவிட்டால் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். கையில் ஊசியோடு கிடப்பவர் எங்கே போவார்?

மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு சொன்னதை ஏற்க முடியாமல் ஆஸ்தியுள்ள மனிதன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு அவனிடம் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, ஆனாலும் பின்னால் ஓடிப்போய் மறிக்கவில்லை. அதே அதிகாரத்தில் குருடனான பர்திமேயு வருகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். அவனிடமும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் போதித்ததோடு நிற்கவில்லை. இங்குள்ள தமிழர்களிடம் அவர்களுடைய நம்பிக்கைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பி, பதில் கடிதங்களை வாங்கி, ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார்.

"சொல்லாவிட்டால் இரத்தப்பழி நம்மேல் வருமே அக்கா" என்பீர்கள். அந்தப் பாரம் உண்மையானது, அதை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பழியைப் பற்றிப் பேசும் எசேக்கியேல் 33 காவற்காரனை எக்காளம் ஊதச் சொல்கிறதே தவிர, எழுந்து போக முடியாதவரைப் பிடித்துவைத்துக் கேட்கவைக்கச் சொல்லவில்லை.

சரி, வார்டுக்கே போகக் கூடாதா? தாராளமாகப் போங்கள், கைப்பிரதி இல்லாமல். ராத்திரித் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வெந்நீர் வாங்கிக் கொடுங்கள், மருந்துச் சீட்டோடு வரிசையில் நில்லுங்கள். அதற்குக் கூலியாக ஜெபத்தைத் திணிக்காதீர்கள். "நீங்க யாரும்மா, எதுக்கு இதெல்லாம் செய்றீங்க?" என்று அவர்களே கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடு, ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்காமலே டிஸ்சார்ஜ் ஆகிப் போனால் போகட்டும். பெயர் தெரியும் அல்லவா, வீட்டில் முழங்கால் போட்டு ஜெபியுங்கள்.