கடையை விற்று விசா எடுக்கப் போகிறவர்களுக்கு

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். "தம்பி, பிஸ்னஸ் விசாவில் போனால் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்குமாம். கணக்குகளைக் கொஞ்சம் வடிவாகச் செய்து தருவீரோ?" மூன்று பேருக்கும் கொழும்பு புறக்கோட்டையில் கடை. மூன்று பேரும் வெள்ளவத்தை வீட்டையோ ஊர்க் காணியையோ விற்கத் தயாராக இருந்தார்கள்.

நான் கணக்காளன், குடிவரவுச் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இந்தக் கோப்புகளின் காசுப் பக்கம் என் மேசைக்குத்தான் வருகிறது. அதோடு, என் அத்தானுக்கு நடந்ததை வீட்டுக்குள் இருந்தே பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தானுக்குப் பழைய சோனகத் தெருவில் குழாய்ச் சாமான் கடை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தாண்டியது. அடுத்த கொள்முதலுக்கென்று வைத்திருந்த காசில் பாதிச் சாமான்தான் வாங்க முடிந்தது. பெற்றோல் வரிசையில் இரவு காரிலேயே படுத்துவிட்டு வந்த ஒரு காலையில், "இனி இந்த நாடு வேண்டாம்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் நானும் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றவன்தான்.

ஒரு ஏஜென்சி அவருக்கு, புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான கனடாவின் ஸ்டார்ட்-அப் விசாவைக் காட்டியது. ஐந்து பங்காளிகள், ஒரு ஆப், நேரே பிஆர் என்றார்கள். பம்பலப்பிட்டியில் இருந்த ஃபிளாட்டை விற்று அவர்களுக்கு 70 இலட்சம் கட்டினார்.

அந்தத் திட்டத்தின் விதிகளை நான் பிறகுதான் வாசித்தேன். முதலில் வாசித்திருக்கவேண்டும், அது என் பிழை. விண்ணப்பிக்கிறவர் தன் சொந்தக் காசை முதலிடவேண்டும் என்று அதில் எங்கேயும் இருக்கவில்லை. கனடிய அரசு அங்கீகரித்த ஒரு நிறுவனத்தின் ஆதரவுக் கடிதம்தான் தேவைப்பட்டது. புதுத் தொழில்களில் காசு போடும் வென்ச்சர் கப்பிட்டல் நிறுவனம் என்றால் அது குறைந்தது 200,000 கனடிய டொலர் போடவேண்டியிருந்தது, தங்கள் சொந்தக் காசைப் போடும் ஏஞ்சல் முதலீட்டாளர் குழு என்றால் 75,000. புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்கியுபேட்டர் நிறுவனம் என்றால் காசே போடத் தேவையிருக்கவில்லை, தொழிலை ஏற்றுக்கொண்டால் போதும். பெரும்பாலானோர் நுழைந்தது அந்தக் கடைசி வாசலால்தான். ஒரு தொழிலுக்கு ஐந்து பேர் வரை சேரக்கூடியதாக இருந்தது. ஆனால் அந்த ஐவரில் "இன்றியமையாதவர்" என்று குறிக்கப்பட்ட ஒருவர் நிராகரிக்கப்பட்டால் மற்ற எல்லாருடைய விண்ணப்பமும் விழுந்துவிடும் என்பதுதான் விதி. அத்தானோ மற்ற நால்வரையும் நேரில் கண்டதே இல்லை.

அந்த ஆப் பள்ளிக்கூட டியூஷன் பற்றியது. ஒரு குழாயைக் கையில் எடுத்தவுடன் அது எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லக்கூடிய மனிதர், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிலின் விளக்கத்தை இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பா. எனக்கு அதைப் பார்க்கவே மனம் கேட்கவில்லை.

கடைசியில் நிராகரிப்புத்தான் வந்தது. தொழில் உண்மையாக நடப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பிஆர் எடுப்பதே பிரதான நோக்கம் என்று அதிகாரி நினைத்தால் மறுக்கலாம் என்பது விதியிலேயே இருந்தது. ஏஜென்சி ஒரு சதம்கூடத் திருப்பித் தரவில்லை. இப்போது, 2025 டிசம்பர் முடிவோடு, அந்தத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். இந்த விசாக்கள் எங்கள் கடைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பக்கம் பெருங்காசுக்காரருக்கான வழி: அமெரிக்காவின் இபி-5 முதலீட்டு விசாவுக்குக் குறைந்தது 800,000 டொலர் போட்டு, பத்துப் பேருக்கு வேலை உருவாக்கவேண்டும். டொலர் 300 ரூபா என்று பார்த்தாலே 24 கோடி. மற்றப் பக்கம் புதுமைக்கான வழி: பிரித்தானியாவின் இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவில் குறைந்தபட்ச முதலீடு என்று ஒன்று இல்லை, ஆனால் தொழில் புதியதாகவும் விரிவடையக்கூடியதாகவும் இருக்கிறது என்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று சொல்லவேண்டும். நாலைந்து கோடி சொத்தும் முப்பது வருட அனுபவமும் உள்ள ஒரு ஹார்ட்வெயார் முதலாளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்த இடைவெளியில்தான் ஏஜென்சிகள் கடை விரிக்கின்றன.

நடுவில் வழியே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தொழில்முனைவோர் திட்டம் 600,000 கனடிய டொலர் நிகரச் சொத்தும் 200,000 முதலீடும் கேட்கிறது. அங்கே முதலில் கிடைப்பது வேலை அனுமதிதான். கடையை நடத்திக் காட்டிய பிறகுதான் பிஆருக்கு மாகாணம் உங்கள் பெயரைப் பரிந்துரைக்கும். முதலீடு செய்து தொழில் நடத்துகிறவர்களுக்கான அமெரிக்காவின் இ-2 விசாவும் இலங்கையருக்குத் திறந்திருக்கிறது, இந்தியருக்கு இல்லாத வாய்ப்பு அது. ஆனால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாமே தவிர, அதுவாகக் கிரீன் கார்ட் ஆகாது. டுபாய் கோல்டன் விசாவும் ஐந்து அல்லது பத்து வருட வதிவிடம்தான். ஏஜென்சிக்காரர் எல்லாவற்றையும் "பிஆர்" என்ற ஒரே சொல்லால் சொல்லுகிறார்கள், கேட்கிறவருக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை.

திட்டங்கள் மூடப்படுவதும் புதிது இல்லை. பிரித்தானியா 20 இலட்சம் பவுண் முதலீட்டு விசாவை 2022 பெப்ரவரியில் மூடியது. அயர்லாந்து 2023இலும், அவுஸ்திரேலியா 2024இலும், ஸ்பெயின் 2025இலும் தங்கள் முதலீட்டு விசாக்களை நிறுத்தின.

சரி, என் மேசைக்கு வருகிறேன். எந்த நாடு என்றாலும், இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கும். இபி-5க்கு ஏழு வருட வரிப் பத்திரங்கள் வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். மூன்று கோடிக்கு விற்ற வீட்டுக்கு, முத்திரைத் தீர்வையைக் குறைக்க, உறுதியில் ஒன்றரைக் கோடி என்று எழுதியிருப்பார்கள். மிச்ச ஒன்றரைக் கோடிக்குக் கடதாசி இல்லை. கடையில் நாளுக்கு இரண்டு இலட்சம் ஓடும், வரிக் கணக்கில் அதன் கால்வாசியும் இருக்காது. அம்மாவின் நகை, சீட்டுக் காசு, உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) வந்த காசு எல்லாம் உழைத்த காசுதான், ஆனால் விசா அதிகாரிக்கு அது காட்டமுடியாத காசு. வெளியே அனுப்புவதற்கும் 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டமும் மத்திய வங்கி வரம்புகளும் இருக்கின்றன. உண்டியலில் அனுப்பினால் அந்தக் காசு உங்களுடையது என்று அங்கே நிரூபிக்கமுடியாது. "வடிவாகச் செய்து தருவீரோ" என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் கனடாவுக்கு ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது.

அந்த மூன்று பேரிடமும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கனடாக் கோப்பு என்றால் முதலில் ஆலோசகரின் உரிம இலக்கத்தை வாங்குங்கள். கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களின் பெயர்ப் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது, போனிலேயே தேடலாம். பெயர் இல்லை என்றால் எழும்பி வாருங்கள். வீட்டு உறுதியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தையும் கடைசி ஏழு வருட வரிக் கோப்பையும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் அலுவலகத்தில் தனியாகத்தான் இருப்பேன், இருந்து வாசித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். அத்தானின் ஒப்பந்தத்தை அன்றைக்கு யாராவது அப்படி வாசித்துச் சொல்லியிருந்தால் அக்கா இன்றைக்கு வாடகை வீட்டில் இருக்கமாட்டா.