மீத்தேன் பழியை டெல்டா விவசாயி தலையில் கட்டுவதற்கு முன் மதகைப் பாருங்கள்

பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு எங்கெல்லாம் அதிகம் கிளம்புகிறது என்று சிவப்பு அடித்துக் காட்டும் உலகப் படங்கள் இப்போது நிறையப் பகிரப்படுகின்றன. கங்கைச் சமவெளி, வங்கதேசம், மேகாங் டெல்டா எல்லாம் சிவந்து கிடக்கும், ஐரோப்பா வெளிறியிருக்கும். கீழே ஒருவர் "ஆசியாக்காரர்கள் சோற்றையும் மாட்டையும் குறைத்தால் போதும்" என்று எழுதுவார். இன்னொருவர் "எல்லாம் வெள்ளைக்காரன் சதி" என்பார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

காற்றில் மீத்தேன் அளவு 1999 முதல் 2006 வரை பெரிதாக ஏறாமல் நின்றது, 2007-லிருந்து மறுபடி ஏறிக்கொண்டே இருக்கிறது. மனிதர்களால் வரும் மீத்தேனில் சுமார் 40 சதவீதம் விவசாயத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு மாடு, எருமை, ஆடுகள் அசைபோடுவதால் வருவது. நெல் வயலின் பங்கு மொத்தத்தில் 8 சதவீதம் அளவுக்கு. 20 வருடக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும், ஆனால் 10, 12 வருடத்தில் காற்றில் சிதைந்துவிடும். அதனால் இதைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் ஊருக்கு ஊர் காரணம் வேறு. ஐரோப்பாவில் குறைந்ததற்குக் குப்பைக் கிடங்குகளைக் கட்டுப்படுத்தியது ஒரு காரணம், 1990-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் கூட்டுப்பண்ணைகள் சரிந்து மாடுகளின் எண்ணிக்கை விழுந்தது இன்னொரு காரணம். பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடுகள், பெரும்பாலும் இறைச்சிக்கு, அதற்காகக் காட்டையே அழித்து மேய்ச்சல் நிலமாக்குகிறார்கள். சகாராவுக்குத் தெற்கே நெல் பரப்பு வேகமாகக் கூடியது, ஏனென்றால் அங்கே அரிசி சாப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இதையெல்லாம் ஒரே சிவப்பில் அடித்தால் யார் எதை மாற்ற வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று போட்ட உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. இங்கே மீத்தேனில் நான்கில் மூன்று பங்கு விவசாயத்திலிருந்து வருகிறது, அது சிறு விவசாயியின் பிழைப்பு என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நமக்கே லாபம் தருகிற வேலையையும் செய்யாமல் விடுவதை ஏற்க முடியவில்லை.

நம் காவிரி டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். சம்பா வயலில் தண்ணீர் நின்று இரண்டு மாதம் ஆனபின் உள்ளே கால் வைத்தவர்களுக்குத் தெரியும், மிதித்த இடத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பும். தண்ணீருக்கு அடியில் மண்ணுக்குக் காற்று போகாமல் அடைபட்டதும், வேர்க்கழிவையும் மக்கும் நெல்தாளையும் தின்று நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகின்றன. அதில் கொஞ்சம்தான் குமிழாக வரும், பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கிற காற்றறைகள் வழியாகவே வெளியேறிவிடும். மண்ணுக்கு நடுநடுவே காற்று காட்டினால் அந்த நுண்ணுயிர்கள் அடங்கிவிடும்.

அதற்கான வழி நம்மிடம் புதிதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. ஒரு அடி பிவிசி குழாயில் துளை போட்டு வயலில் புதைத்து வைப்பார்கள், குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினபின் மறுபடி தண்ணீர் விட வேண்டும், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் மீத்தேன் கிட்டத்தட்டப் பாதி குறையும், தண்ணீரும் மிச்சமாகும், மகசூல் பெரும்பாலும் குறையாது. தழைச்சத்து உரத்தைக் கண்டபடி கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயு கூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பிறகு ஏன் எல்லாரும் செய்வதில்லை? விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்களே, எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. கடைமடையில் இருக்கிறவருக்கு முறை வைத்துத் தண்ணீர் வருகிறது, அடுத்த முறை எப்போது என்று அவருக்கு நிச்சயமில்லை, வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டி வைக்காமல் காயப்போடு என்றால் எந்த நம்பிக்கையில் போடுவார்? பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல்தான் பாய்கிறது, மேல்வயல்காரர் காயவிட்டால் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் இல்லை. காய்ந்தால் களை மண்டும், களை எடுக்க ஆள் கிடைக்காது. சம்பாவில் இன்னும் மோசம், வடகிழக்குப் பருவமழையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் விவசாயி நினைத்தாலும் வயலை வடிக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு வைத்து குறுவை போடுகிறவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது, அவரிடமிருந்து தொடங்கலாம், ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால் மிச்சம் பிடித்து அவருக்குக் கைமேல் ஒரு லாபமும் இல்லை.

சீனாவில் 1980-களிலிருந்து நெல்லுக்கு நடுப்பருவத்தில் வயலை வடித்துக் காயவிடும் பழக்கம் பரவி, நெல்லிலிருந்து வரும் மீத்தேன் கணிசமாகக் குறைந்தது. பருவநிலைக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. மகசூலுக்கும் தண்ணீர் சிக்கனத்துக்கும் செய்தார்கள். பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் பாசனத் துறையே முறை வைத்துத் தண்ணீர் விட்டபிறகு கடைசியில் இருந்தவர்களுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அங்கேயெல்லாம் வாய்க்காலும் விவசாயியோடு சேர்ந்து மாறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கம் நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெல்டா மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரச்சாரத்தில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். டெல்டாவில் இப்படிப்பட்ட புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல்தான் வந்தது. அந்த ஊர்களில் போய் "உங்கள் வயலும் மீத்தேன் விடுகிறது" என்று பேச்சை ஆரம்பித்தால், திரும்ப நிலத்தைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அந்தச் சந்தேகத்தில் தப்பே இல்லை. தண்ணீரிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

குறைத்த வாயுவுக்குக் கணக்குப் போட்டுக் கார்பன் வரவாக (carbon credit) விற்றுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடமும் கவனம் தேவை. சீனாவில் 37 நெல் திட்டங்களை, இந்த வரவுகளைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு 2024-இல் தள்ளுபடி செய்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது, நடுவில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மாட்டுக் கதை தனிப் பதிவுக்கு உரியது. 2019 கணக்குப்படி இந்தியாவில் 19 கோடி மாடும் 11 கோடி எருமையும் இருக்கின்றன, வைக்கோலை மட்டும் தின்கிற மாட்டுக்கு ஒரு லிட்டர் பாலுக்கு மீத்தேன் அதிகம், நல்ல பசுந்தீவனம் கிடைத்தால் குறையும். பசுந்தீவனம் வளர்க்கவும் தண்ணீர் வேண்டும், அதுவும் தண்ணீரில்தான் போய் நிற்கிறது.

குறுவைக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே, எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீர் வரும் என்ற அட்டவணையை அரசு ஊர் ஊராக ஒட்டி, அதை மீறாமல் திறந்து காட்டட்டும். வடிகாலைச் சம்பா மழைக்கு முன்பே தூர்வாரட்டும். அப்புறம் அந்தத் துளை போட்ட குழாயை எடுத்துக்கொண்டு விவசாயியிடம் வரட்டும்.