இனி அவன் கணக்கு அவனுக்கு

மகனுக்குப் பார் மிட்ஸ்வா (பதின்மூன்று வயதாகும் பையனுக்கான யூத விழா) நடந்த படங்களைப் போட்டதிலிருந்து ஊரிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே அது பூணூல் போடுவது மாதிரியா?" சிலர் இன்னும் நேராக, "பையனை மதம் மாற்றிட்டாங்களா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். ஆனால் இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர்களிடம் ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை.

மதமாற்றக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மாற்ற அங்கே ஒன்றும் இல்லை. என் மனைவி யூதர். தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர் என்பது அவர்களுடைய மரபுச் சட்டம். அப்பா திருநெல்வேலிக்காரர் என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவினர் 1983இல் தந்தை வழியையும் ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் போகும் யூத வழிபாட்டுக்கூடம், அதாவது சினகாக், கன்சர்வேட்டிவ் பிரிவு (பெயரைப் பார்த்து அரசியல் என்று நினைக்க வேண்டாம், மரபைக் கறாராகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் அதைத் தளர்த்தும் ரிஃபார்முக்கும் நடுவே நிற்பவர்கள்). அங்கே இன்றும் தாய்வழிதான். எங்களைப் போன்ற குடும்பம் இங்கே அதிசயமும் இல்லை. 2010க்குப் பிறகு மணம் முடித்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதரல்லாதவர் என்று பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கு சொல்கிறது.

பூணூல் கேள்விக்கு வருவோம். பையன், படிப்பு, விருந்து, வெளியூர் உறவினர்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பூணூலைப் போட்டால்தான் பூணூல். இதற்குச் சடங்கே தேவையில்லை. எபிரேய நாட்காட்டிப்படி 13 வயது நிரம்பிய பையன் அன்று போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவன் பார் மிட்ஸ்வாதான். அதாவது, கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவன். பைபிளில் இப்படி ஒரு விழா கிடையாது. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பில், பிதாக்களின் நீதிமொழிகள் என்னும் பகுதியில் ஒரு வயதுப் பட்டியல் வருகிறது: ஐந்தில் வேதம், பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகள், பதினைந்தில் தல்மூத் (மிஷ்னாவை விவாதிக்கும் நூல்), பதினெட்டில் கல்யாணம். (பதினெட்டில் கல்யாணத்தை என் மனைவியின் வீட்டில் யாரும் பின்பற்றியதாகத் தெரியவில்லை.) நாம் இன்று பார்க்கும் மேடையும் விருந்தும் இடைக்காலத்துக்குப் பிறகு ஜெர்மனி, போலந்து பக்கம் வளர்ந்து வந்தவை.

அப்படியானால் 13இல் என்னதான் மாறுகிறது? பொது வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். நேற்றுவரை ஒன்பது பெரியவர்களோடு இவன் நின்றால் ஒன்பது பேர்தான், இன்று பத்து. யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளில் முழு நாளும் பட்டினி கிடக்க வேண்டும். வாரநாள் காலையில் தெஃபிலின் என்னும் தோல்பெட்டிகளைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொண்டு ஜெபிக்க வேண்டும். (எங்கள் வீட்டில் இது நடக்கும் லட்சணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.) எல்லாவற்றையும்விடப் பெரியது, அவன் செய்யும் தப்பு இனி அவனுடைய தப்பு.

விழாவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைக்குச் சலுகை கிடையாது. மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, எந்த ராகத்தில் எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியை நூறு பேர் முன்னால் ராகத்தோடு வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. சுருளின் தோலில் விரல் படக்கூடாது என்பதால் வெள்ளிக் கோல் ஒன்றால் வரியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். இருபுறமும் இரண்டு பேர் நிற்பார்கள். குறிகள் உள்ள அச்சுப் புத்தகத்தில் ஒருவர் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் சத்தமாகத் திருத்துவார்கள், வாசிப்பவர் அந்தச் சொல்லைத் திரும்ப வாசித்தாக வேண்டும். பாட்டி கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்கிறார், குழந்தை பாவம் என்ற பேச்சே இல்லை. ரப்பி (யூத மதகுரு) வாசித்தாலும் இதே திருத்தம்தான். குரல் உடையும் வயது வேறு. நடுவில் அவன் சுருதி எங்கோ போய் எங்கோ வந்தது. இரண்டு முறை திருத்தினார்கள். அவன் சங்கடப்படவில்லை. முன்வரிசையில் எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

நம் ஊரில் பிள்ளைகளை மேடையேற்றினால் கைதட்டுவதற்காகவே ஏற்றுகிறோம். திருக்குறளைத் தப்பாகச் சொன்னாலும் "அழகு" என்போம். அவன் சொல்வதை நாம் கேட்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். திருத்துகிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பதின்மூன்று வயதுக்காரனுக்குக் கூடியிருந்த பெரியவர்கள் கொடுத்த பெரிய மரியாதை அந்த இரண்டு திருத்தங்கள்தான் என்பேன்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பது நம் கையில் இல்லை. பிறந்த நாள் வரும் வாரத்தில் எந்தப் பகுதி வருகிறதோ அதுதான். சிலருக்குச் செங்கடல் பிளக்கும், சிலருக்கு யோசேப்பு கிடைப்பான். என் மகனுக்கு வாய்த்தது தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமத்தில் தஸ்ரியாவும் மெட்சோராவும் சேர்ந்த இரட்டைப் பகுதி. பிள்ளைகள் எல்லாரும் பயப்படும் பகுதி அதுதான்: பிரசவத் தீட்டு, தோலில் வெண்மேகம், துணியில் பூசணம், வீட்டுச் சுவரில் கறை, ஆசாரியர் (அந்தக் காலப் பூசாரி) வந்து பார்ப்பது, ஏழு நாள் அடைத்துவைப்பது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்குத் தமிழில் கொஞ்சம் நினைவிருந்தது. நோயுள்ளவன் பாளயத்துக்கு வெளியே தனியே இருந்து "தீட்டு, தீட்டு" என்று கூவ வேண்டும். வகுப்பில் இதைப் படித்துவிட்டு மைதானத்தில் கூவி விளையாடியிருக்கிறோம். விளையாட்டில் சேராத பையன்கள் இருந்தார்கள். ஏன் சேரவில்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வாசிப்புக்குப் பிறகு பையன் தன் பகுதியைப் பற்றிப் பேச வேண்டும். அவன் பிடித்துக்கொண்டது சுவர்க் கறை பற்றிய ஒரு சின்ன விதி. ஆசாரியர் வீட்டுக்குள் வந்து பார்ப்பதற்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பொருளெல்லாம் தீட்டாகிவிடும். ஏழையின் மண்பானைகூட வீணாகக்கூடாது என்ற அக்கறை இது என்று பழைய உரைகாரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மகன் அங்கே நிற்கவில்லை. "கறை நேற்றும் அதே சுவரில்தான் இருந்தது. பானை நேற்றும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆசாரியர் வாய் திறக்கும்வரை பானை சுத்தம். அப்படியானால் தீட்டு பானையில் இருக்கிறதா, சொல்கிறவர் வாயில் இருக்கிறதா?" என்று கேட்டான். அவன் ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கு அது நேராகத் தமிழில் கேட்டது. நியூ ஜெர்சியில் பிறந்த பையனுக்கு என் ஊர்த் தெருக்களின் எல்லைகள் தெரியாது. அவன் மூவாயிரம் வருடப் பானையைப் பற்றித்தான் பேசினான். என்றாலும் அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் எத்தனையோ பேர் வேறு விலை கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊர் போனதும் அவனுக்கு அதைச் சொல்ல வேண்டும். பானையிலிருந்து தொடங்கினால் சொல்வது சுலபம்.

என் இடம் என்ன என்று கேட்பீர்கள். தோராவுக்கு அழைக்கப்படும் மரியாதை எனக்குக் கிடையாது. அழைக்கப்படுபவர் சொல்லும் ஆசீர்வாதத்தில், எல்லா மக்களிலும் எங்களைத் தேர்ந்தெடுத்து உமது தோராவைத் தந்தவரே என்று வருகிறது. நான் அதைச் சொன்னால் பொய். மாமனாரும் மனைவியும் சொன்னார்கள், நான் மேடையில் பக்கத்தில் நின்றேன். வருத்தம் உண்டா என்றால் கொஞ்சம் உண்டு. ஆனால் இன்னொருவர் வீட்டுப் பிரார்த்தனையை என் வசதிக்குத் திருத்தி எழுதச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு வரி என்னுடையதாக இருந்தது. பிள்ளை வாசித்து முடித்ததும் அப்பா சொல்ல வேண்டிய வாழ்த்து அது: "இவனுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுவாராக." ஆதியாகம ராப்பா என்னும் பழைய உரையில், இரட்டைச் சகோதரர்கள் ஏசாவும் யாக்கோபும் வளர்ந்த கதையை ஒட்டி இது வருகிறது. பதின்மூன்று வயதுவரை இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனார்களாம். அதன்பிறகு ஒருவன் கல்விக்கூடத்துக்கும் மற்றவன் சிலைக் கோவில்களுக்கும் போனானாம். (அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டாவது பையன்தான் உருப்பட்டிருக்கான்" என்றாள்.) பிள்ளையைப் பதின்மூன்று வரை பார்த்துக்கொள், அதற்குப் பிறகு இந்த வரியைச் சொல் என்கிறார் ரப்பி எலெயாசர்.

எங்கள் ரப்பி ஒரு பெண். கன்சர்வேட்டிவ் பிரிவு 1985 முதல் பெண்களை ரப்பியாக்குகிறது. நான் இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரப்பி மோசஸ் இஸர்லிஸ், கடவுளின் பெயரைச் சேர்க்காமல் இதைச் சொல்வதே நல்லது என்று எழுதிவைத்ததைக் காட்டினார். "கடவுள் பெயர் இல்லாத வாழ்த்து. பதின்மூன்று வருடம் வளர்த்தவர் சொல்வது. நீங்கள் வளர்க்கவில்லையா?" என்றார். சொன்னேன். எபிரேயம் என் வாயில் திருநெல்வேலித் தமிழாக வந்தது; யாரும் திருத்தவில்லை, அதுதான் கொஞ்சம் ஏமாற்றம்.

இந்த வரிக்கு உரைகாரர்கள் இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். பிள்ளையை வளர்க்கும் கடமை அப்பாவுடையது என்பதால் இதுவரை பிள்ளை செய்த தப்புக்கு அப்பா பதில் சொன்னார், இனி இல்லை என்பது ஒன்று. மொர்தெகாய் யாஃபே என்ற பழைய உரைகாரர் தலைகீழாகச் சொல்கிறார்: இதுவரை அப்பாவின் பாவத்துக்குப் பிள்ளை கஷ்டப்பட்டான், இனி அவனுக்கு விடுதலை. எனக்கு இரண்டாவதுதான் உறைத்தது. நாம் நம் பிள்ளைகள்மேல் எத்தனை பாக்கிகளை ஏற்றுகிறோம்! நமக்குக் கிடைக்காத மெடிக்கல் சீட், நாம் தோற்ற பங்காளிச் சண்டை, சொந்தக்காரர் முன்னால் தலைநிமிர வேண்டிய அவசியம். நாற்பது வயது மகனுக்கு எந்த ஊரில் வீடு வாங்குவது என்று முடிவு செய்யும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அதைப் பாசம் என்கிறோம். பாசமும்தான். ஆனால் இது உன் வாழ்க்கை என்று ஒரு தமிழ் அப்பா ஊரைக் கூட்டிச் சொல்லும் நாள் நம்மிடம் ஒன்றுகூட இல்லையே.

"பதின்மூன்று வயசுல அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன். ஒன்றும் தெரியாதுதான். அடுத்த வாரமும் நான்தான் கால்பந்துக்குக் கூட்டிப் போனேன், கணக்குப் பாடம் முடித்தாயா என்று கேட்டேன், இல்லை என்றான், கத்தினேன். விட்டுவிடுவது என்பது கைகழுவுவது இல்லை. நீ சொன்ன பொய் உன் பொய் என்பது பதின்மூன்று வயதில் புரிந்தால் போதும், மிச்சம் மெதுவாக வரட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழா நாளில் வாசலில் போலீஸ் கார் நின்றது. 2018இல் பிட்ஸ்பர்க்கில் ஓய்வுநாள் வழிபாட்டின்போது 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து இங்கே பல சினகாக்குகளில் காவல் வழக்கமாகிவிட்டது. பள்ளியில் இவனிடம் காஸாவைப் பற்றி, ஏதோ இவன்தான் உத்தரவு போட்டவன் மாதிரி, கேட்டிருக்கிறார்கள். காஸாவில் செத்த குழந்தைகளுக்காக எங்கள் வீட்டிலும் அழுதிருக்கிறோம். இஸ்ரேல் அரசின் செயலுக்கு நியூ ஜெர்சிப் பையன் ஜவாப்தாரி என்றால், அவனவன் செயலுக்கு அவனவன் என்று இவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை வெளியே யார் படிக்கப் போகிறார்கள்?

விருந்தைப் பற்றி அதிகம் இல்லை. நாற்காலியோடு தூக்கி ஆட்டினார்கள், ஜெல்லி மிட்டாயை வாரி எறிந்தார்கள். நம் மொய் 101, 501 என்றால் இவர்களுடையது 18இன் மடங்கு. 36, 180 என்று வரும். சில வீடுகளில் ஹோட்டல் மண்டபம், டிஜே என்று கல்யாணத்தைத் தோற்கடிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, பிடித்தவர்கள் செய்யட்டும்.

இனி மகள் முறை. 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ரப்பி மொர்தெகாய் காப்லானின் மகள் ஜூடித் வாசித்ததுதான் அமெரிக்காவின் முதல் பாத் மிட்ஸ்வா (பெண் பிள்ளைக்கான அதே விழா) என்று அறியப்படுகிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. சுருளிலிருந்து இல்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். இன்று எங்கள் சினகாக்கில் பெண் பிள்ளைகள் சுருளிலிருந்தே வாசிக்கிறார்கள். அம்மாவோ இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்: "பிள்ளை பெரிய மனுஷி ஆனா மஞ்சத் தண்ணி ஊத்த வேண்டாமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் உடம்பில் நடந்ததை ஊருக்குப் பத்திரிகை அடித்துச் சொல்வதைவிட, அவள் ஒரு பழைய நூலைப் பிரித்து வாசித்து அதோடு சண்டை போடுவதை ஊர் உட்கார்ந்து கேட்பது மேல். அம்மா யோசித்தாள். "சரி, அவ படிக்கட்டும். பட்டுப் பாவாடை நான் எடுத்துட்டு வாரேன்" என்றாள். அதற்கு ரப்பியின் அனுமதி தேவைப்படாது. மகளின் அனுமதி தேவைப்படும். அவள் பட்டுக் குத்துகிறது என்கிறாள்.