இட்லி வெந்த பிறகும் பாக்டீரியா உயிரோடு இருக்குமா?

தினமும் இட்லி சாப்பிட்டால் நல்ல பாக்டீரியாக்கள் உயிருடன் குடலைச் சேரும், தயிர் தேவையில்லை என்று சொல்லப்படுவது சரியன்று. லியூகோனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளித்த மாவில் ஏராளமாக இருப்பது உண்மையே. ஆனால், ஆவியில் வேகும்போது அவை ஏறத்தாழ முழுவதும் மடிந்துவிடுகின்றன. அரிசியிலும் உளுந்திலும் இருந்து, தாதுக்களை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பினால் குறைந்து, இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் எளிதாக ஏற்க முடிகிறது என்பதால், இட்லி நல்ல உணவே. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமானால் சூடாக்காத தயிரும் மோருமே பொருத்தம். மோர்க்குழம்பாகக் கொதித்தால் அதுவும் போய்விடும். இதைவிட முக்கியமானது, குடலில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகும் நார்ச்சத்து: பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்த அளவை எட்ட, சுண்டல், கீரை, அவரைக்காய், கொய்யா போன்றவை அன்றாடம் தட்டில் இருக்க வேண்டும்.