குளிர்த் தண்ணீருக்கு வாங்கிய பத்து ரூபா

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குளிர்த் தண்ணீர்ப் போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்கிய கடைக்காரப் பெரியவரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "கள்ளன்" என்று ஒருவர் கத்துகிறார். கீழே சேர்ந்து ஏசியவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

சட்டம் தெரியாமல் நான் பேசவில்லை. இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை 70 ரூபாவுக்கு மேல் விற்க ஏலாது. அவர் வாங்கியது பிழை, தண்டம் கட்டட்டும். ஆனால் அவர் கள்ளன் இல்லை. தண்ணீரைக் குளிராக வைக்கும் அந்தப் பிரிட்ஜ் இரவு பகலாக ஓடுகிறதே, அதற்கு லைட் பில் கட்டுவது யார்?

கடை பில் வீட்டு பில் மாதிரி இல்லை. மின் கட்டணத்தில் சின்னக் கடைகள் வரும் பொதுத் தேவை வகையில் மாதம் 180 அலகு என்று ஒரு கோடு இருக்கிறது. 181 ஆகிவிட்டால் கூடின அந்த ஓர் அலகுக்கு மட்டுமில்லை, முதல் அலகிலிருந்தே கூடின விலை. நிலையான கட்டணமும் ஏறும். வீட்டில் பில் கூடினால் ஏசியை நிறுத்தலாம். பாலும் ஐஸ்கிரீமும் வைத்திருப்பவர் எதை நிறுத்துவார்?

எங்கள் அப்பாவுக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் பலசரக்குக் கடைதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டியபோது ஐஸ்கிரீம் முழுக்க உருகிப்போனது. யோகட்டை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தோம். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் டீசலுக்கு வரிசையில்தான் நின்றார்கள். அந்த நட்டத்தை யாரும் தரவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். அம்மாவின் காப்பு நகைக்கடைகள் இருக்கிற செட்டியார் தெருவுக்குப் போனது அப்போதுதான். அப்படியும் கொப்பியில் எழுதிக் கடனுக்கு அரிசி கொடுத்தார் அப்பா. வாங்கிய சனம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது.

"2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்களே, நீங்கள் விலையைக் குறைத்தீர்களா?" என்று கேட்பீர்கள். ஜூனில் திரும்ப 15 வீதம் ஏற்றினார்களே, அப்போது யார் வந்து எங்களைக் கேட்டீர்கள்? இடையில் கிடைத்த அந்தக் கொஞ்ச மாதம் பழைய கடனுக்கே காணவில்லை. "சோலர் போடலாமே" என்கிறவர்களுக்கு: வாடகைக் கடை, மேலே இரண்டு மாடி, கூரை வேறொருவருடையது. இதற்கு மேல் என்ன சொல்ல?

சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்று, போட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பைக்கும் தனியாகக் காசு கட்டிவிட்டு வருகிறீர்கள். அங்கே யாரும் போனைத் தூக்குவதில்லை. தெருக்கோடியில் தனியாக நிற்கும் வயதான மனிதரிடம் மட்டும் எல்லாருக்கும் துணிவு வந்துவிடுகிறது. விலை பிழையென்றால் முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

என் நட்புப் பட்டியலில் அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே நீக்குங்கள். நீக்காதவர்களோடு எனக்கு இனிப் பேச்சு இல்லை.